ஜாக்கி மேல் நிற்கும் வீடு

திண்டிவனம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சூர்யா,

ஒரு வீட்டை அதன் தரையிலிருந்து அறுத்துப் பிரித்து மேலே தூக்கினால், அது நிற்குமா? இயற்பியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், எனக்குப் பதில் தெரியவில்லை. நீ டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். வீட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கொஞ்சம் தண்ணீர் வந்தது என்று அப்பா போனில் சொன்னதை நீ நம்பியிருப்பாய். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது நான் வேறு என்ன சொல்ல? வீடியோவில் வீட்டைக் காட்டவும் அவர் விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு நம் வாசல் தெருவுக்குக் கீழே போய்விட்டது உனக்குத் தெரியும். புயல் என்றதும் அப்பா வாசலுக்குக் குறுக்கே செங்கல் அடுக்கி சிமெண்ட் பூசி ஒரு தடுப்புக் கட்டிவிட்டார். அன்று ரயில் நின்றுபோனதால் நான் விழுப்புரத்தில், கூட வேலை பார்க்கும் பவுனு வீட்டில் தங்கினேன். மறுநாள் பஸ் பிடித்து வந்து பார்த்தால் தெருவில் வெறும் சேறு, நம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வாசல் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. சாக்கடை நிரம்பி, குளியலறைத் துளை வழியாகவும் கக்கூஸ் வழியாகவும் எதிர்த்து ஏறியிருக்கிறது. வந்த தண்ணீர் போக முடியாமல் அப்பாவின் தடுப்பு அதைத் தொட்டி மாதிரிப் பிடித்து வைத்திருந்தது. அவர் அதை இடிக்காமல் வாளியால் மொண்டு தடுப்புக்கு மேலாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். எதிர்மாடி பல்கீஸ் பீவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, என்னா சார், ஊரே தண்ணிய வெளிய தள்ளிக்கினு இருக்கு, நீங்க மட்டும் உள்ள வளத்துக்கினு இருக்கீங்க என்றார். கடைசியில் அவர் மகன் ஜகபர் சாதிக்தான் கடப்பாரையோடு வந்து தடுப்பை உடைத்தான். அன்றிலிருந்து டீக்கடையில் இதே பேச்சு, சர்வேயர் வூட்லயே லெவலு தப்பிப்போச்சாம். ஒலக்கூர்ப் பக்கமெல்லாம் ஊரார் நிலத்தை அளந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர், அது அவரை எப்படிக் குத்தியிருக்கும் என்று உனக்கே தெரியும்.

சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. கட்டில் பலகை உப்பிவிட்டது, தரையில் டைல்ஸைத் தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம். பிளீச்சிங் பவுடர் போட்டு எத்தனை தரம் கழுவியும் வாடை போகவில்லை. காய்கிற வரைக்கும் பல்கீஸ் பீவியின் மாடி அறையில் இருக்கிறோம், வாடகைப் பேச்சை எடுத்தால் கோபித்துக்கொள்கிறார். ஊறின பூச்சைக் கொத்திவிட்டு மறுபடி பூசினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமை கல்லூரி விட்டு வந்து பார்க்கிறேன், நம் வீட்டுச் சுவர்களின் அடியை உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, லாரிக்கு டயர் மாற்ற வைப்பார்களே அந்த ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு, யார் வேலை இது என்று கேட்டேன்.

விழுப்புரம் பக்கம் காணையிலிருந்து வந்திருக்கும் கோபி என்பவர்தான் காண்ட்ராக்டர். சுவரும் கூரையும் மட்டும் மூன்றடி ஏறுமாம், தரை கீழேயே இருக்குமாம், அப்புறம் மண் கொட்டி உயர்த்திப் புதுத் தரை போடுவார்களாம். ஒன்னும் பேஜாரு ஆவாது மேடம், உள்ள ஒரு டம்ளர்ல தண்ணி வெச்சாக்கூட சிந்தாது என்றார். டம்ளர் என்னாத்துக்கு, நானே உள்ள உக்காந்துக்கினு இருக்கேன், தெரு பாக்கட்டும் என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயம். நாளைக்குக் காலையில் திருகப்போகிறார்கள். ஊறின சுவர், ஊறின மண், எந்த ஜாக்கி எங்கே இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? வீடு போனால் போகட்டும், நீங்கள் மட்டும் உள்ளே போகக் கூடாது என்று நேற்று முழுக்கச் சண்டை போட்டேன். கடைசியில் உன் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார். நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீ இதைப் பற்றி அப்பாவிடம் கேட்காதே, முக்கியமாகச் சிரிக்காதே. அங்கே வேறு வீடு பார்ப்பதாகச் சொன்னாயே, தரைத்தளம் வேண்டாம். ஹீட்டரை மிச்சம் பிடிக்காமல் போட்டுக்கொள். எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும், மற்றது எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் மறக்காமல் போன் செய்.

அன்புடன்
அம்மா
இளவரசி

திங்கள் மாலை

கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையில் அப்பா டீக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். கோபி விசில் ஊத, ஆட்கள் சுற்றிலும் ஒரே சமயத்தில் திருகினார்கள். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் சுவருக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் வழியாகப் பார்த்தேன். உள்ளே, நாற்காலிக் கால்களுக்கு நடுவே, உன் அப்பாவின் இரண்டு பாதங்கள்.

கோபியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கையைக் காட்டினேன். விசில் நின்றது. அப்பா கொல்லைப் பக்கமாக நுழைந்திருக்கிறார். உள்ளேயிருந்து, ஏன் நிறுத்திட்டீங்க, நல்லாத்தான ஏறுது என்று கேட்டார். நீங்கள் வராவிட்டால் நானும் உள்ளே வந்து உட்காருகிறேன் என்றேன். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. பாதங்கள் அசையவில்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி நடந்தன. அவர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்ற பிறகே மறுபடி திருகினார்கள். மத்தியானத்துக்குள் வீடு ஓரடி ஏறிவிட்டது, நிற்கிறது. கூடத்து மூலையில் மட்டும் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து, ஒரு பாளம் செங்கல் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் விழுந்து கிடக்கிறது. நான் கவனித்திருக்க மாட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது அப்பாதான்.