எழுபது வயது அட்டை

என் பிடிவாதக்கார மகளுக்கு,

என் இதய ஆபரேஷனுக்காக உன் கடையின் தையல் மெஷின்களை விற்கப் போகிறாயாம். வேண்டாம். எழுபது கடந்த எல்லாருக்கும் இப்போது அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை தருகிறார்கள், வருமானம் பார்ப்பதில்லை. இலவசத்துக்கு நிற்கமாட்டேன் என்றிருந்த நானே நேற்று முகாமுக்குப் போனேன்.

நம் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்த அம்சவல்லியும் வரிசையில் இருந்தாள். "வாங்கம்மா! அறுபத்தஞ்சுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க, அதுக்குள்ள எழுபதா?" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அட்டை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். காலையிலிருந்து அலமாரியை அடுக்குகிறேன், கலைக்கிறேன், மறுபடி அடுக்குகிறேன். பயம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் கேட்கிறார்கள். அம்சவல்லி வருகிறேன் என்றாள். நல்லவள்தான். ஆனாலும் நீ வா.

உன் அம்மா