அக்கரைப் பாலத்தை நான் இடித்தது

அன்பு மகன் கூர்கேனுக்கு அப்பா மகிதார் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், செபாஸ்தியாவில் நீயும் நோய்நொடி இல்லாமல் வேலையில் இருப்பாய் என்று நம்புகிறோம். எங்களையும் அங்கே வரச் சொல்லி எழுதியிருந்தாய். எப்படி வருவது? மேற்கு வாசலில் ரோமர்கள் காவல், ஊர்க்காரன் ஒருவனையும் வெளியே விடுவதில்லை. நம் ஆட்களின் வில் அம்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டு நாங்களே உங்களைக் காப்போம் என்கிறார்கள். கிழக்கே அக்கரை முழுக்கத் துருக்கி அமீரின் குதிரைகள்.

நீ பிறர் சொல்லிக் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், நம் பாலம் இப்போது இல்லை. சிலுவைத் திருநாளுக்கு முந்தின வாரம் ரோமத் தளபதி என்னைக் கூப்பிட்டு, "கட்டினவன் நீதானே, ஞாயித்துக்கெழமைக்குள்ள நீயே இடிச்சுப் போடு" என்றான். மறுநாளே அமீரின் ஆள் ஒருவன் குதிரை விற்பவன்போல வந்து, நம் பாஷையிலேயே, "ஒரு கல்லு அசைஞ்சாலும், அக்கரையில உம்ம பொண்ணு வீடு எதுன்னு எங்களுக்குத் தெரியும் மேஸ்திரி" என்று சிரித்துவிட்டுப் போனான். நான் அக்கரைக்கு ஓடிப்போய் உன் தங்கை வானேனியை நம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவளுக்கு நிறைமாதம். மாப்பிள்ளை தோரோஸ், "அங்க வந்து என்ன மாமா பண்றது, நம்ம புளிக்காத அப்பத்தை விட்டுட்டு ரோமன் குடுக்கிற புளிச்ச அப்பத்தை நற்கருணைன்னு வாங்கித் திங்கணும், அதுக்கு அமீருக்கு வரி கட்டிட்டு இங்கயே கெடக்கலாம்" என்று மறுத்துவிட்டார். உளி முறிந்தது, சாரக் கம்பு போதவில்லை என்று நானும் நாளைக் கடத்தினேன். சனிக்கிழமை காலை தளபதி உன் அம்மாவைப் பணயமாகக் கோட்டைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டான். அவளோ, "என்னைய விடு, புள்ளையப் பாரு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அதற்குள் அக்கரை ஆட்கள் யாரும் வரக்கூடாது என்று பாலத்தில் ரோமச் சிப்பாய்கள் நின்றார்கள், வேலைக்காக என்னை மட்டும் விட்டார்கள். போய் மாப்பிள்ளை காலில் விழுந்தேன். அவர் பதறிப்போய் வானேனியைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு மலைக்குகைக்குக் கிளம்பினார். அவர்கள் மேடேறி மறையும்வரை பார்த்துவிட்டு இக்கரைக்கு வந்து, வளைவைத் தாங்கும் நடுக்கல்லை என் கையாலேயே தட்டி எடுத்தேன். பாலம் ஆற்றில் சரிந்தது.

அம்மாவை விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வானேனியின் வீடு எரிந்தது, இங்கிருந்தே தெரிந்தது. நாலு நாள் உன் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேற்று மதியம் எதிர்ப்பாறையில் வானேனி வந்து நின்று, துணியில் சுற்றிய குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். ஆணா பெண்ணா என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆற்று இரைச்சலில் நான் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் சொன்னது எங்களுக்கும் கேட்கவில்லை. உன் அம்மா என் தோளில் குத்தி, "நல்லாத்தான்யா இடிச்சே" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதைக் கொண்டுவரும் உப்பு வியாபாரிக்கு ரோமர் கொடுத்த அனுமதிச் சீட்டு இருக்கிறது, அவருக்கு வயிறாரச் சாப்பாடு போடு. குளிரில் காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள். பாதிரியாரிடம் சொல்லிக் குழந்தைக்காக ஜெபிக்கச் சொல், பெயர் கேட்டால் வானேனியின் பிள்ளை என்றால் போதும். எங்களைத் தேடி இங்கே வராதே. அங்கே எந்தத் தளபதியாவது பாலம் கட்டத் தெரியுமா என்று கேட்டால், சுவர் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிடு. திருச்சிலுவை உன் தலைமாட்டில் காவல் இருக்கட்டும்.

உன் அப்பா,
கொத்தன் மகிதார்