வாசிக்காத மூன்றாவது ஓலை

பாளையம்பட்டி,
13 ஜூன் 1949

அன்பு மகன் சுவாமிதாஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீயும் ஆப்பிரிக்காவில் அந்த மோஷியில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே மழை இல்லை. சித்திரையில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை, கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான்.

உன் கடிதம் முதல் தேதி புதன்கிழமை வந்தது. இரண்டு மாத லீவில் கப்பலிலேயே ஒரு மாதம் போய்விடும், அதனால் ஊருக்கு வரவில்லை, கம்பெனி சிநேகிதர்களோடு லாரியில் காட்டுக்குள் போய் யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்துவிட்டு, ஜூலை நடுவில் கிளிமஞ்சாரோ மலையில் ஐந்து நாள் ஏறப் போகிறோம், உச்சியில் வருஷமெல்லாம் பனி கிடக்குமாம் என்று எழுதியிருந்தாய். நன்றாகத்தான் எழுதியிருந்தாய், வேறு யார் பிள்ளையாவது எழுதியிருந்தால் நானும் ரசித்துப் படித்திருப்பேன். உன் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, மலையில ஏறி என்னத்தப் பாக்கப் போறான், பாக்க வேண்டிய ஆளுக இங்கதான இருக்கோம் என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போனவள் வெளியே வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் சரி. ஜூலையில் இரண்டு மாதம் லீவு கிடைத்திருக்கிறது என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதினாய் அல்லவா. லீவு என்றால் வீட்டுக்கு வருவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஊர் சுற்றிப் பார்க்க லீவு எடுப்பார்கள் என்று இந்தக் கரிசல் காட்டில் யார் கண்டது. கப்பலேறும் முன்னால் யாக்கோபு வாத்தியார் மகள் ரூத்தைப் பற்றிக் கேட்டபோது நீ சிரித்தாய், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை நாலு வருஷம் இருந்தது. நீ வந்து இறங்கியதும் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நானே சபையில் அறிவிக்கிற கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பையன் வரட்டுமே என்று குருவானவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. முப்பது வருஷம் உபதேசியாராக இருந்து ஊரார் ஓலையெல்லாம் வாசித்தவனுக்குச் சொந்தப் பிள்ளை விஷயத்தில் புத்தி இப்படிப் போயிற்று. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில் இரண்டு ஞாயிறு உன் பெயரும் அவள் பெயரும் சபையில் வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு நாலு நாள் இருக்கும்போது உன் கடிதம் வந்தது. தந்தி கொடுக்கலாம் என்று போஸ்ட் ஆபீஸ் வாசல் வரை போனேன். என்னவென்று கொடுப்பது? நீ எங்களுக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லையே. திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ரூத்தே வீட்டுக்கு வந்தாள். கடிதத்தைக் கேட்டு வாங்கி நின்றபடியே படித்தாள், மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். “மூணாவது ஓலைய வாசிச்சிராதீக மாமா. அவுக வாரேன்னு எழுதவே இல்ல, நாமதான் நினைச்சுக்கிட்டோம்” என்றாள். அழக்கூட இல்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஓலை பாதியில் நின்ற பெண்ணுக்கு எங்கே இடம் வரும் சொல். குமாரலிங்கபுரத்து வேதநாயகம் கேட்டு ஆள் அனுப்பினார். மனைவி இறந்து இரண்டு வருஷம், மூன்று பிள்ளைகள், நாற்பது தாண்டியாயிற்று. நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். நான் யாக்கோபு வாத்தியார் கையைப் பிடித்து, அடுத்த லீவு வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். “அடுத்த லீவுக்கும் ஒரு மலை இருக்கும்ல அண்ணே” என்றார். ஜூலை ஆறாம் தேதி வேதநாயகத்தோடு கல்யாணம். இந்தக் கடிதம் கப்பலில் வந்து உன் கையில் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் உன்னை ஒன்றும் செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வருகிற ஞாயிறு குருவானவர் திருச்சுழிக்குப் போகிறார், ஆராதனை நான்தான் நடத்த வேண்டும். ரூத், வேதநாயகம் ஓலையை நானே வாசிக்க வேண்டும். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிற்பேன். யார் வாய் திறக்கப் போகிறார்கள்? மலையேறப் போகிற உனக்காகச் சபையில் ஜெபிக்கச் சொல்லி எழுதியிருந்தாயே, ஓலைக்கு அடுத்தபடி அந்த விண்ணப்பம்தான். உன் பெயரையும் சொல்லி முழங்காலிடச் சொல்வேன். ரூத்தும் முழங்காலிடுவாள், அவளும் ஆமென் சொல்லுவாள்.

சிங்கம் பார்க்கும்போது லாரியை விட்டு இறங்காதே. பனியில் காதை மூடிக்கொள், சின்ன வயதில் உனக்குச் சீழ் வந்த காது அது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அம்மாவும் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறாள். எங்களுக்குப் பதில் எழுது. ரூத்துக்கு மட்டும் எதுவும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஞா. மாசிலாமணி