என் பாட்டிலில் இருந்த மருந்து

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்த நீல பாட்டில் உருண்டு வந்து விழுந்தது. சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவோமே, அதேதான். மூடியைத் திறந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் லேசாக எலுமிச்சை வாடை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ராஜபாளையத்திலிருந்து நீ வருவாய், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் சேர்ந்துகொள்வேன். பிளவக்கல் அணை வரைக்கும் மிதிப்போம். ஒருத்திக்குத் தண்ணீர் தீர்ந்தால் கை நீளும். மற்றவள் ஒன்றும் கேட்காமல் பாட்டிலைக் கொடுப்பாள். "எச்சி பாத்தா சைக்கிள் ஓட்ட முடியுமாட்டி?" என்பாய்.

மாநிலப் போட்டியன்றும் கை நீட்டினாய். எனக்கு மூன்று நாளாக இருமல். மருந்துக்கடையில் வாங்கிய சிரப் குமட்டுகிறதென்று, பெரிய புத்திசாலி மாதிரி, அதை எலுமிச்சைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கியிருந்தேன். பந்தய அவசரத்தில் அது நினைவுக்கே வராமல் பாட்டிலை உன்னிடம் நீட்டிவிட்டேன். நீ முதலாவதாக வந்தாய், நான் ஆறாவது. ஊக்கமருந்துச் சோதனைக்கு உன்னைத்தான் கூப்பிட்டார்கள். சோதனை முடிவில் இருந்த மருந்தின் பெயரும் என் சிரப் அட்டையில் இருந்த பெயரும் ஒன்று.

பதறிக்கொண்டு வந்து உன்னிடம் சொன்னேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வேலைக்கு ஆர்டர் வரவேண்டிய நேரம் அது. அணைக்கரையில் நீ சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாய். பிறகு, "ஒன் ஆர்டர் வரட்டும். பொறவு சொல்லிக்கிடலாம்" என்றாய். விசாரணையில் "நான் ஒண்ணும் எடுக்கல" என்பதற்கு மேல் நீ வாய் திறக்கவில்லை. தடை விழுந்தது. 'ஊசி போட்டு ஜெயிச்சவ' என்று ஊரே பேசியது.

ஆர்டர் வந்தது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயமும் கூடவே வந்தது. அப்புறம் கல்யாணம், குழந்தை. உன்னுடைய அந்தப் 'பொறவு' எனக்கு வசதியாகப் போயிற்று. நீயும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. போன மார்கழியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. துக்க வீட்டில் ஒருவர், "மருந்து எடுத்த ஒடம்புல்லா, எப்படித் தாங்கும்?" என்றார். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். சீ, நானும் ஒரு சிநேகிதி.

நேற்று சைக்கிள் சங்கத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். தபாலில் சேர்க்கும் முன் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மில் வேலை முடிந்து வந்தவர், பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேட்டி. நானும்லா அவள நம்பல."

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன். வேலை போனால் போகட்டும். உன் அம்மா சொன்னதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?