உங்கள் சட்டையைக் கொடுத்துவிட்டேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் நம் இரண்டு பெண்களும் சுகம். துறைமுகத்தில் நீங்களும், நீங்கள் ஓட்டுகிற அந்த ராட்சதக் கிரேனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் செய்தால் உங்கள் அறையில் இருக்கும் ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். போன வாரம் நான் உங்களைத் திட்டியபோது உங்களுக்குப் பின்னால் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

அதோடு, நீங்கள் கேட்டதும் போனில் பதில் சொல்கிற விஷயம் இல்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடட்டுமா, மாதக் கடைசிக்குள் உன் சம்மதத்தைச் சொல் என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குள் வீட்டுச் சேதியைக் கேளுங்கள். பெரியவள் தான் எழுதித் தருவதாக வந்தாள். என் நாலாம் வகுப்புப் படிப்பு இந்தக் கடிதத்துக்குத் தாங்கும் போ என்று விரட்டிவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நம் கட்டடத்தின் மேல் மாடியில் தீப்பிடித்தது. பதறாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு தம்பியும் அவர் மனைவியும் இருக்கிற வீடு. நீங்கள் போன பிறகு குடிவந்தவர்கள். நல்ல மதிய நேரம், அவர் கடையில் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம், பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். ஒயர் கருகி அலமாரியில் பற்றிக்கொண்டது. தீ மிச்சம் வைத்ததை, அணைக்க வந்தவர்கள் தண்ணீர் பீய்ச்சி ஊறவைத்துவிட்டார்கள். உடுத்திய துணியோடு இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டடமே போய் விசாரித்தது. என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஒன்றும் வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று ஒரே பதில். நம் பெரியவள் என்னைப் போல இல்லை, மூளைக்காரி. (உங்களைப் போலவும் இல்லை, சந்தோஷப்பட வேண்டாம்.) அவள் போய், "அக்கா, முதல்ல பக்கெட் கொண்டு வரட்டுமா, போர்வை கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்து, போர்வை என்றாள். அவ்வளவுதான், கதவு திறந்த மாதிரி ஆயிற்று. அன்றிலிருந்து நம் வீட்டில் அதுதான் முறை. சோறா, கஞ்சியா? இன்றைக்குத் துவைக்கட்டுமா, நாளைக்கா? வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுப்பதில்லை.

வெள்ளையடித்து முடிகிற வரை பக்கத்து அறையில் ஒண்டியிருக்கிறார்கள். அங்கே குளியலறை இல்லை. காலை ஆறிலிருந்து ஆறரை வரை நம்முடையது அவர்களுக்கு. ஆறு இருபத்தொன்பதுக்கு அந்தத் தம்பி வெளியே வந்துவிடுவார், கடிகாரக்காரர் இல்லையா. நீங்கள் உள்ளே போனால் பாட்டு முடிகிற வரை வர மாட்டீர்களே, அந்த ஞாபகம் வந்தது.

எரிந்துபோன சான்றிதழ்களுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. பெரியவள் பள்ளி விட்டதும் போய், அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் வரிசையில் நின்றாள். புகை பிடித்த துணி எல்லாம் என் சலவைக்கடைக்கு வந்தது. வாடை போவதற்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது துணியிலேயே குடியேறிவிடும். மூன்று தடவை ஊறவைத்து, மொட்டைமாடிக் காற்றில் நாலு நாள் போட்டேன். பாதி தேறியது.

சின்ன வாலும் சும்மா இல்லை. தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் மத்தியானம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், அந்தப் பெண் பக்கத்தில் அதே தலையணையில் படுத்துத் தூங்குகிறாள். கேட்டால், தலையணை சவுக்கியமா இருக்கா என்று பார்க்க வந்தாளாம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அந்தத் தம்பிக்குச் சட்டை இல்லை. அவர் உங்கள் உயரம். தொப்பைதான் இல்லை, அதை மன்னித்து உங்கள் சட்டைகளில் மூன்றைக் கொடுத்தேன். மடிப்புத் தங்கிப்போகக்கூடாது என்று மாதம் ஒரு தடவை அவற்றுக்கு இஸ்திரி போட்டு வைப்பேன். யாரும் போடாத சட்டைக்கு இஸ்திரி போடும் பைத்தியக்காரி நான் ஒருத்திதான். அந்த மூன்றில் ஒன்று, நீலக்கட்டம் போட்டது. ஊருக்குக் கிளம்பிய அன்று அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு வயதுச் சின்னவளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தீர்களே, அதேதான். படம் கூடத்தில்தான் தொங்குகிறது. நான் யோசிக்கவில்லை.

போன ஞாயிறு காலை கடைத்தெருவில் அந்தத் தம்பி அதைப் போட்டுக்கொண்டு காய் வாங்கிக்கொண்டிருந்தார். நான் கடையில் இருந்தேன், சின்னவள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். போனில் உங்கள் முகம் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே அப்பா என்றால் அவளுக்கு அந்தச் சட்டைதான். ஓடினாள். பின்னால் போய் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு, "எப்ப வந்தே? சொல்லவே இல்ல!" என்றாள்.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் பிள்ளையின் முகம் என்னாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கையில் காய்ப் பையோடு அப்படியே நின்றார். காய்க்காரம்மாவும் தூக்கிப் பிடித்த தராசைக் கீழே வைக்கவில்லை. நான் போய்ச் சேர்கிற வரை நின்றார். நான்தான் அவளைப் பிரித்துத் தூக்கினேன். அப்புறம்தான் திரும்பினார். அவள் அழவில்லை. அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா சட்டை" என்றாள், யாரோ கேட்ட மாதிரி.

கடைக்குத் திரும்பி வந்தால் ஒரே கருகல் வாடை. ஒரு வாடிக்கையாளரின் காலர் போயிற்று. பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சின்னவள் பின்னால் ஓடியதில் பெட்டியை மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் பொய் எதற்கு? அவள் ஓடுவதற்கு முன்னாலேயே கருகிவிட்டது. நானும் ஜன்னல் வழியாக அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆறு இருபத்தொன்பதுக்கு அந்தத் தம்பி சட்டையை மடித்துக் கொண்டுவந்து நீட்டினார். "அக்கா, வேற எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கறேன். இது மட்டும் வேணாம்" என்றார். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று சண்டை போட்டேன். வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். சின்னவளுக்குச் சடை பின்னிக்கொண்டே, "உங்களுக்கு நாங்க என்ன செய்யட்டும் அக்கா? துணி மடிச்சுத் தரட்டுமா, பாப்பாவைப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். எங்கள் முறையை எங்களிடமே திருப்பினாள், கள்ளி! எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றும் வேண்டாம், உனக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சொந்த வீடு கட்டத்தான் இந்த இரண்டு வருஷம் என்றீர்கள். உங்கள் ஆசை தப்பில்லை. தனியாக உயரத்தில் உட்கார்ந்து வெயிலில் கிரேன் ஓட்டுகிறவர் நீங்கள், எங்களுக்காகத்தான். எனக்குத் தெரியும். நாலு நாளாகச் சம்மதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு காகிதம் கிழித்தாயிற்று.

இந்த மாதம் முழுக்க நம் வீட்டில் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை. கேட்காதவர்களுக்கும் கொடுத்தோம். உங்களுக்கு மட்டும் இல்லை என்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். கோபம் வந்தால் வரட்டும், நியாயம்தான். போனில் திட்டாதீர்கள். நேரில் வந்து திட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏணியில் பார்த்து இறங்குங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வாயாடி