டொக்டர் கழுவிய கார்

திருக்கோணமலை
9.8.1963

அன்புள்ள எலிசம்மாவுக்கு,

நான் சுகம். உம்முடைய முழங்கால் நோ எப்படி? அதைச் சாட்டி என் தங்கச்சியைத் தண்ணீர் அள்ள விடுகிறீரோ?

25ஆம் திகதி மகளின் முதல் நன்மைப் பூசைக்கு லீவு கேட்டனான். டொக்டரின் காரைச் சரிசெய்தால் போகலாம் என்றார் கராஜ் முதலாளி. அதே 25ஆம் திகதிதான் மைதானத்தில் பீப்பாக்களைச் சுற்றிக் கார் ஓட்டும் போட்டி. டொக்டருக்கு இது முதல் தரம்.

வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது. பின் ஸ்பிரிங்கில் ஒரு தட்டைக் கழற்றினேன். பிறகு ரயர் ஓரத்தில் வெண்கட்டி பூசி, ஓடிப்பார்க்க அனுப்பினேன். அது எவ்வளவு அழிகிறது என்று பார்த்துத்தான் காற்றை அளவாக்க வேண்டும். மூன்று தரம் அனுப்பியும் மனிசன் காரைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கழுவ வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ ஐயா?"

"ஊத்தைக் காரை எப்பிடியப்பா குடுக்கிறது?"

எனக்குப் பத்தி எரிந்தது. நேற்று நானே பக்கத்தில் ஏறிப் போனேன். வளைவில் முட்டி நெற்றியில் சின்ன வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை. அங்கேயே வெண்கட்டியைப் பார்த்துக் காற்றைக் கூட்டினேன். கார் வழுக்காமல் திரும்பியது.

இப்போது டொக்டர், "போட்டி அண்டைக்கு நீர் பக்கத்தில நிண்டால்தான் ஓடுவன்" என்கிறார். முதலாளியும் ஓம் என்றுவிட்டார்.

மகளின் பாதத்தைக் கடதாசியில் வைத்துக் கீறி உடனே அனுப்பும். வெள்ளைச் சப்பாத்து வாங்கி அனுப்புகிறேன். அதுவாவது அவளோடு கோயிலுக்குப் போகட்டும்.

தபால்காரர் நிற்கிறார்.

சந்தியோகு