டாக்டர் சொன்னதில் மிச்சம்

அட்சய வருடம், ஐப்பசி 4, புதன்

விடியுமுன் மழை. டாக்டர் எங்களுக்குச் சொன்னதை ஆபீஸ் குமாஸ்தா, அந்தக் கிராணி, எங்களிடம் சேர்க்கவில்லை. இதுதான் அநியாயம். முதலில் இதை எழுதிவைக்கிறேன்.

நேற்று ஈப்போவிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். மூட்டு வாதக்காரர்களை மட்டும், விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் உட்காரவைத்தார்கள். என் வீட்டுக்காரி அருளாயியின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். மெதுவாகத்தான் பிடித்தார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு எல்லோருக்குமாகப் பேசினார். தன் விரலை மடக்கினார், விரித்தார். ஒரு கைமேல் மறு கையைத் தூங்கவைப்பதுபோல் வைத்துக் காட்டினார். வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் பேசினார்.

கிராணி தமிழில் சொன்னது: "வேலை செஞ்சா சரியாப் போகும்னு டாக்டர் சொல்றாரு. எந்திரிங்க."

இவ்வளவுதானா? மிச்சம் எங்கே?

ஐப்பசி 5, வியாழன்

மழை இல்லை. கூரையில் ஒழுக்கு. ஆணி வாங்க.

அருளாயி இன்றும் பால்வெட்டுக்குப் போனாள். விரலெல்லாம் வீக்கம். கொண்டை போட முடியாமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள். போகாதே என்றேன்.

"டாக்டரே சொல்லிட்டாரு, வேலை செஞ்சாத்தான் சரியாப் போகுமாம். நீங்க என்ன டாக்டரா?"

கத்தி கையிலிருந்து நழுவி விழுந்ததாம். அவள் சொல்லவில்லை. பக்கத்து நிரையில் வெட்டுகிறவள் சொன்னாள்.

சாயங்காலம் ஆபீஸ். கிராணியிடம் கேட்டேன்.

"டாக்டர் பேசினது நீளம். நீங்க சொன்னது ஒரு வரி. மிச்சம் என்ன?"

"இங்கிலீஷ் நீளமாத்தான் இருக்கும் லா. ஓய் பெரியவரே, உம்ம பொஞ்சாதிக்கு மூட்டு வாதம். உமக்குப் பிடிவாதம். அதுக்கு மருந்து கிடையாது."

பக்கத்தில் நின்ற கங்காணி விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து நானே எழுத்துப் படித்தவன். ஒரு வரியில் எவ்வளவு அடங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசி 8, ஞாயிறு

கடும் வெயில். கோப்பெங் வரை நடை, பிறகு பஸ். முழங்கால் நெருப்பு.

ஈப்போ ஆஸ்பத்திரி. வார்டில் ஒரு தமிழர், பாகான் செராய்க்காரர். பெயர் கேட்க மறந்தேன். அதே டாக்டரின் பின்னாலேயே நடக்கும் உதவியாளாம். மூட்டு வாதக்காரர்களுக்கு டாக்டர் என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"அதுவா அண்ணே? தினம் சொல்றதுதான். எனக்கு மனப்பாடம்."

சொன்னார். வீக்கம் இருக்கும்போது கைக்கு ஓய்வு. காலையில் வரும் விறைப்புக்கு வெந்நீர். விறைப்பு விட்டபிறகே வேலை. வீக்கம் தணிந்தால் விரலை மெதுவாக மடக்கி விரிக்க, சுமை இல்லாமல். துணி பிழியக் கூடாது. போய்விடும் நோயல்ல, கூடவே இருக்கும். அதோடு வாழப் பழக வேண்டும்.

விரலை அசை என்றதை வேலை செய் என்று ஆக்கிவிட்டான் கிராணிப் பாவி. ஓய்வு என்ற சொல்லை விழுங்கியே விட்டான்.

வீட்டுக்கு வந்து அருளாயியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"விறைப்பு விட்டப்புறம் வேலையா? பெரட்டு எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? இது துரைசாணிக்குச் சொல்ற வைத்தியங்க."

கொஞ்ச நேரம் கையையே பார்த்தாள்.

"கூடவே இருக்குமாமா?"

"ஆமா."

"அதை மட்டும் கிராணி சொல்லாம விட்டது நல்லது."



ஐப்பசி 9, திங்கள்

மறுபடி மழை. அருளாயி வெட்டுக்குப் போய்விட்டாள். ஆணி வாங்கவில்லை.

செய்ய வேண்டியவை:

கிராணி — மிச்சம் அத்தனையும் பெரட்டில், எல்லோர் முன்னும், சத்தமாகச் சொல்ல வேண்டும். "கூடவே இருக்கும்" என்பதையும். சொல்லும்வரை தினமும் ஆபீஸ் வாசலில் நிற்பேன்.

தோட்டத்துத் துரை — வீக்கம் உள்ளவர்களுக்குப் பெரட்டு நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

கங்காணி — அதுவரை அருளாயி பேரைக் கூப்பிடக் கூடாது. சிரிக்கவும் கூடாது.

அருளாயி — துணி பிழியக் கூடாது. கேட்கமாட்டாள்.

நான் — துணி பிழிய. பெரட்டுக்கு முன்னே எழுந்து வெந்நீர் போட. அவள் தலையை வாரிக் கொண்டை போட்டுவிட. கொண்டை போடத் தெரியாது. படித்துக்கொள்ள வேண்டும்.